கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

இரண்டு கிரெடிட் கார்டில் சேர்த்து எனக்கு 20,000 சிங்கப்பூர் வெள்ளிக் கடன். ஓவர்டைம் நின்றதும் கட்ட முடியாமல் போனது. பெரிய பாக்கி 14,200. அதற்கு மினிமம் 426 கட்டினால் 300க்கு மேல் வட்டிக்கே போய்விடும்.

அப்போதுதான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம், தமிழிலேயே: பேங்கோடு பேசிக் கடனைப் பாதியாக்கித் தருவார்களாம். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் மூன்றாவது மாடியில் ஆபீஸ். "உட்காருங்கண்ணே, நம்ம ஆளுங்களுக்குச் செய்யாம வேற யாருக்கு?" என்று மைலோ வேறு வாங்கிக் கொடுத்தார்கள். கட்டணம் 1,500, முன்கூட்டியே. மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன். அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் கணக்கைக் கேட்டார்கள்; அதைக் கொடுக்க மட்டும் ஏனோ மனசு வரவில்லை.

"பேங்குக்கு ஒரு காசு கட்டாதீங்க, போன் வந்தா எடுக்காதீங்க. அப்பதான் இறங்கி வருவாங்க." நானும் எடுக்கவில்லை. மாதாமாதம் 100 வெள்ளி தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறி, மூன்றே மாதத்தில் அந்த 14,200 பாக்கி 15,000ஐத் தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் கடன் 15,000 வெள்ளியைத் தொட்டால் கடன் கொடுத்தவர் திவால் மனு போடலாம். அந்த வரம்புக்குக் கீழே இருந்தவனைக் காசு வாங்கிக்கொண்டு மேலே ஏற்றிவிட்டார்கள். வக்கீல் கடிதம் வந்த அன்று, 'அண்ணே' என்றவர் என் போனை எடுக்கவில்லை.

பேங்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். என் சார்பில் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். அங்கிருந்த பெண்தான் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூருக்குப் போகச் சொன்னார். அது அறநிறுவனம். சம்பளச் சீட்டு, ஸ்டேட்மென்ட், பிள்ளையின் ட்யூஷன் காசு வரை கணக்குப் பார்த்து, பேங்குகளுக்குத் திட்டம் அனுப்பினார்கள். பேங்க் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒத்துக்கொண்டது. அசல் குறையவில்லை, வட்டிதான் குறைந்தது. ஆறு வருஷத்துக்கு மாதம் 380 வெள்ளி. கார்டு இரண்டையும் மூடிவிட்டார்கள், போகட்டும்.

அந்த 1,500? ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறது. விடவில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி வழக்குப் போட்டிருக்கிறேன். வக்கீல் தேவையில்லை, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பியதை நான் அழிக்காததுதான் இப்போது கையில் இருக்கும் சாட்சி.

நேற்று என் மனைவியின் போனுக்கும் அதே விளம்பரம் வந்தது. கம்பெனிப் பெயர் புதுசு. முகவரி அதே மூன்றாவது மாடி.