இரண்டில் எது? பதின்வயதினருக்கான கோடை வாசிப்பு

ஒரு புத்தகம் எத்தனை வீடுகளுக்குப் போய் வந்தது என்பதை அதன் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு சொல்லிவிடும். ஒருநாள் மாலை, நூலகத்தை மூடுவதற்கு முன், ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் சீட்டையும் திறந்து பார்த்தேன். முதல் பாகத்தின் சீட்டில் இடமே இல்லை. முத்திரை குத்திக் குத்தி நிறைந்துபோய், அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டி, அதுவும் பாதி நிறைந்திருந்தது. இரண்டாம் பாகத்தில் அந்த எண்ணிக்கை சரிபாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. என்னை யோசிக்க வைத்தது அதற்குப் பிறகு கண்டதுதான். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய பாகங்களில் ஏறக்குறைய இரண்டாம் பாகத்தின் அளவுக்கே முத்திரைகள் இருந்தன. இரண்டாம் பாகத்தைத் தொட்டவர்கள் கரை சேர்ந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் முதல் பாகத்திலேயே இறங்கிவிடுகிறார்கள்.

அப்படி இறங்கிப்போனவர்களில் பலர் நான் கைகாட்டி அனுப்பிய பிள்ளைகள். விடுமுறை தொடங்கியதும் “நல்ல கதைப் புத்தகம் ஒன்று கொடுங்கள்” என்று வந்து நிற்கும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு யோசிக்காமல் அதைத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய புத்தகம், பெயர் பெற்ற புத்தகம், பெற்றோருக்கும் மகிழ்ச்சி. அந்தப் பிள்ளை அடுத்த முறை நூலகத்துக்கு வந்ததா என்று நான் கவனித்ததில்லை.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். வயதையும் வகுப்பையும் கேட்பதில்லை. கடைசியாக முழுவதும் படித்து முடித்த புத்தகம் எது என்று மட்டும் கேட்கிறேன். பதிலைக் கேட்டபின், ஒரே பசிக்கு உணவாகும் இரண்டு புத்தகங்களை எடுத்து அருகருகே வைக்கிறேன். அப்படி நான் அடிக்கடி எதிரெதிரே நிறுத்தும் சில இணைகள் இவை.

பொன்னியின் செல்வனா, பார்த்திபன் கனவா?

இரண்டும் கல்கி எழுதியவை. இரண்டிலும் குதிரை உண்டு, வாள் உண்டு, மாறுவேடம் உண்டு. பத்திரிகையில் வந்த தொடர்கள் என்பதால், அடுத்த அத்தியாயத்தைப் பார்க்காமல் தூங்க முடியாது என்ற இடத்தில் அத்தியாயத்தை முடிக்கும் வித்தை இரண்டிலும் உண்டு. அளவில்தான் பெரிய வேறுபாடு. 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்கள், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதத் தொடங்கிய பார்த்திபன் கனவு ஒரே புத்தகத்தில் அடங்கிவிடும்.

பொன்னியின் செல்வனில் பிள்ளைகள் திணறுவது தமிழில் அல்ல, உறவுமுறையில். பெரிய பழுவேட்டரையர் யார், சின்னப் பழுவேட்டரையர் யார், அரியணைக்கு யாருக்கு உரிமை, யார் யாருக்குச் சிற்றப்பன் என்பதெல்லாம் முதல் பாகத்திலேயே வந்து குவிகின்றன. வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரையில் வருவது அழகான தொடக்கம்தான். ஆனால் கதை உண்மையில் பிள்ளைகளின் சட்டையைப் பிடித்து இழுப்பது ஆறாம் அத்தியாயத்தில். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடியிருக்கும் பெரிய மனிதர்கள் பேசும் பேச்சு வந்தியத்தேவன் காதில் விழுகிறதே, அந்த இடம். ஆகவே அந்தப் புத்தகத்தையே வேண்டும் என்று கேட்கும் பிள்ளையிடம் இரண்டு காரியம் சொல்லி அனுப்புகிறேன். ஒன்று, ‘நடுநிசிக் கூட்டம்’ அத்தியாயம் வரும்வரை புத்தகத்தை மூடாதே. இரண்டு, ஒரு வெள்ளைத் தாளில் பெயர்களை எழுதி, யாருக்கு யார் என்ன முறை என்று கோடு போட்டுக்கொண்டே போ. ஒரு சிறுமி அந்தத் தாளைப் புத்தகத்துக்குள்ளேயே மறந்து வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான்காக மடித்த தாளில் சோழர் குலம் முழுவதும் பென்சிலில் இருந்தது. நந்தினியின் பெயரைச் சுற்றி மட்டும் மூன்று கேள்விக்குறிகள். அந்தத் தாளை இன்னும் அந்தப் பிரதியிலேயே வைத்திருக்கிறேன்.

பார்த்திபன் கனவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு படகோட்டி, அவன் மனைவி, கப்பம் கட்ட மறுத்துப் போருக்குப் போகும் ஒரு சிற்றரசன், தந்தையின் கனவைச் சுமக்கும் மகன், அவ்வப்போது வந்து போகும் ஒரு சிவனடியார். அந்தச் சிவனடியார் யார் என்பதைக் கூர்மையான வாசகர் பாதிக் கதையிலேயே ஊகித்துவிடலாம். இதைக் குறையாகச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் இதை அந்தப் புத்தகத்தின் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். தானாக ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட பதினான்கு வயதுப் பிள்ளை, தான் நினைத்தது சரியா என்று பார்ப்பதற்காகவே மீதியைப் படித்து முடித்துவிடும்.

இதுவரை ஒரு நாவல்கூட முடிக்காத பிள்ளைக்குத் தயங்காமல் பார்த்திபன் கனவு. முடித்துவிட்டு வந்தால் சிவகாமியின் சபதம். பின்னால் எழுதப்பட்டதென்றாலும், பார்த்திபன் கனவில் நடுவயதில் பார்த்த பல்லவ மன்னர் நரசிம்மவர்மரை இளைஞராகக் காட்டும் கதை அது. அதையும் தாண்டி வருகிறவர்களுக்குப் பொன்னியின் செல்வன் ஒரு சுமையாகவே இருப்பதில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால், நூலகத்தில் பிரதி வெளியே போயிருந்தாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

ஆனி ஃபிராங்கா, உ.வே.சா.வா?

இந்த இணையைப் பார்த்துப் பலர் புருவம் உயர்த்துவார்கள். ஒருத்தி பதின்மூன்று வயதில் எழுதத் தொடங்கிய யூதச் சிறுமி. மற்றவர் எண்பத்தைந்து வயதை நெருங்கும்போது தன் வரலாற்றை எழுதத் தொடங்கிய தமிழ் அறிஞர். உ.வே.சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ தொடரை முடிக்காமலே 1942 ஏப்ரலில் காலமானார். அதே ஆண்டு ஜூன் 12 அன்று, தன் பதின்மூன்றாம் பிறந்தநாளில், ஆனிக்கு அந்த நாட்குறிப்பு கிடைத்தது. அவளுடையதும் முடிவு பெறவில்லை. கடைசிப் பதிவு 1944 ஆகஸ்ட் 1. மூன்று நாள் கழித்து, நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த எட்டுப் பேரும் பிடிபட்டார்கள்.

‘உண்மைக் கதை வேண்டும், கற்பனை வேண்டாம்’ என்று கேட்கும் பிள்ளைகளுக்காக இந்த இரண்டையும் வைக்கிறேன். ஆனியின் நாட்குறிப்பை யூதப் படுகொலையின் ஆவணம் என்று சொல்லிக் கொடுத்தால், பிள்ளை அதைப் பாடப்புத்தகத்தைப் போலத்தான் தொடும். அதனால் நான் மேசைத் தகராறைச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒளிந்திருந்த இடத்தில் ஆனியும் ஒரு பல் மருத்துவரும் ஒரே அறையில் இருக்க வேண்டியிருந்தது. அங்கிருந்த சின்ன மேசையை வாரத்துக்கு இரண்டு பிற்பகல்கள் மட்டும் தனக்கு விட்டுத்தரும்படி அவள் பணிவாகக் கேட்கிறாள். அவர் மறுக்கிறார். அவள் செய்வது அப்படி என்ன பெரிய வேலை என்று இளக்காரமாகப் பேசுகிறார். வீட்டில் தனக்கென்று ஒரு மூலைகூட இல்லாத எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பக்கங்களை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இருபத்தைந்து மாதங்கள் அடைபட்டுக் கிடந்த ஒருத்தி அந்த மேசையில் உட்கார்ந்து எழுதியதைத்தான் நாம் இன்று படிக்கிறோம் என்பது பிறகு தானாகப் புரியும்.

என் சரித்திரம் அளவில் பெரியது. தொடக்க அத்தியாயங்கள் ஊர், முன்னோர், தந்தையின் அலைச்சல் என்று மெதுவாக நடக்கும். அதனால் பிள்ளைகளிடம் நடுவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். தமிழ்ப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் பதினாறு பதினேழு வயதில் போய் நிற்கும் இடம்தான் சரியான வாசல். வேங்கடராமன் என்ற பெயரை ஆசிரியருக்காகச் சாமிநாதன் என்று ஆக்கிக்கொள்வதும், இசையில் ஆசிரியருக்கு நாட்டமில்லை என்று தெரிந்ததும் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கற்றுவந்த சங்கீதத்தை விட்டுவிடுவதும் அந்த வயதுக்கே உரிய தவிப்புகள். இன்னொரு காட்சி எனக்கு மிகவும் வேண்டியது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும்போது, தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீண்ட பட்டியல் ஒன்றை உ.வே.சா. ஒப்பிக்கிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. புத்தகம் பரிந்துரைப்பதையே வேலையாகக் கொண்ட எனக்கு, ஒரு கேள்வி இவ்வளவு தூரம் போகும் என்பது ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சிலிர்க்க வைக்கிறது.

யாருக்கு எது? நோட்டில் ரகசியமாக எழுதும் பிள்ளைக்கு ஆனி. சதுரங்கம், வீணை, கணினி என்று ஏதோ ஒன்றில் பித்துப் பிடித்துக் கிடக்கும் பிள்ளைக்கு உ.வே.சா. இந்த இணையில் மட்டும் தவறாகக் கொடுத்துவிட்டால் புத்தகம் இரண்டே நாளில் திரும்பி வந்துவிடுகிறது.

விலங்குப் பண்ணையா, என் இனிய இயந்திராவா?

இங்கே என் விருப்பம் ஒரு பக்கம் சாய்ந்தது என்பதை மறைக்கவில்லை. இரண்டுமே அதிகாரத்தைப் பற்றியவை. சுஜாதாவின் நாவல் 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக 1980களில் எழுதப்பட்டது. பெயர்கள்கூட இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாத ஆட்சி, ஜீவா என்ற தலைவர், நிலா என்ற பெண், புத்தகம் படித்துப் படித்துச் சிந்திக்கத் தொடங்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். ஓட்டம் அபாரம். ‘எனக்குக் கதையெல்லாம் பிடிக்காது’ என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொறி என்னிடம் இல்லை. எழுத்தாளர் கற்பனை செய்த ஆண்டைத் தாண்டி வந்துவிட்டோம், அவர் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சரிபார்ப்பதே அவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிடுகிறது.

ஆனாலும் பதினைந்து வயதைத் தாண்டியவர் கையில் நான் வைப்பது ஜார்ஜ் ஆர்வெல்லின் சிறிய நூலை. க.நா.சு. மொழிபெயர்ப்பில் ‘விலங்குப் பண்ணை’. 1945இல் வந்தது, ஓரிரு நாளில் முடித்துவிடலாம். பண்ணைச் சுவரில் ஏழு கட்டளைகள் எழுதப்படுகின்றன. எந்த விலங்கும் கட்டிலில் உறங்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பன்றிகள் கட்டிலில் படுக்கத் தொடங்கியதும் குளோவர் என்ற குதிரைக்குச் சந்தேகம் வருகிறது. அதற்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. ஓர் ஆட்டை அழைத்துப் படிக்கச் சொல்கிறது. விரிப்புகளோடு உறங்கக் கூடாது என்று சுவரில் இருக்கிறது. விரிப்பைப் பற்றி முன்பு எதுவும் எழுதியிருந்ததாக அதற்கு நினைவில்லை; ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்படியானால் இருந்திருக்க வேண்டும் என்று போய்விடுகிறது. படிக்கத் தெரியாததால் நினைவையே இழக்கும் அந்தக் குதிரையைப் பற்றி ஒரு மாணவன் என்னிடம் அரைமணி நேரம் பேசினான். ஜீனோவைப் பற்றி அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். குளோவரைப் பற்றிப் பேசிய எவரும் சிரித்ததில்லை.

நாவலே வேண்டாம் என்பவர்களுக்கு

கி.ராஜநாராயணனின் ‘கதவு’, அல்லது புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. இரண்டும் ஒரே அமர்வில் முடிபவை. பேச்சும் குறும்பும் பிடித்தவர்களுக்குப் புதுமைப்பித்தன். ஆனால் அந்தக் கதையின் கிண்டல் பதினாறு, பதினேழு வயதில்தான் முழுதாக இறங்குகிறது. பன்னிரண்டு வயதில் படித்தவர்கள் ‘சாமி வந்தார், போனார்’ என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

கதவுக்கு வயதே இல்லை. குழந்தைகள் அந்தக் கதவில் ஏறி நின்று ஆட்டி பஸ் விளையாட்டு ஆடுகிறார்கள். லட்சுமி ஒரு தீப்பெட்டிப் படத்தைக் கொண்டுவந்து அதில் ஒட்டுகிறாள். தீர்வை (நிலவரி) பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு மதியம், படிப்பென்றாலே முகம் சுளிக்கும் ஒரு பையனை அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். அவனை நிற்க வைத்தே அந்தக் கதையின் முதல் பக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டு, மீதியை நீயே பார்த்துக்கொள் என்று புத்தகத்தை நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். முடித்ததும் என் மேசைக்கு வந்து கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தக் கதவு அவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததா?”

தெரியாது என்றேன். அந்தத் தொகுப்பின் தேதிச் சீட்டில் அன்றைய முத்திரை அவன் பெயருக்குத்தான் விழுந்தது.