கேம் மேல் இருந்த ஆசை வற்றியபோது: சில வருட அனுபவம்

வேலை முடிந்து வந்து கணினியை ஆன் செய்கிறோம். கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் கடையில் நாம் வாங்கி வைத்த லைப்ரரி திறக்கிறது. மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை பார்க்கிறோம். எதையும் தொட மனம் வரவில்லை. கடைசியில் யூடியூபில் யாரோ ஒருவர் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். மறுநாளும் இதே கதை.

இந்த நிலையில் நான் ரொம்ப நாள் இருந்தேன். அதிலிருந்து வெளியே வர என்னென்னவோ செய்து பார்த்தேன். சில உதவின, சில உதவவில்லை. கேம் இன்னும் ஆடுகிறேன், ஆனால் பழைய மாதிரி இல்லை. வீடியோ கேம் என்றாலே நேர விரயம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதவில்லை. ஒரு காலத்தில் உயிராக இருந்த ஒன்று ஏன் இப்படிக் கசந்தது என்று தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன். இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: விளையாட்டுக்குள் கணக்கு வழக்கு நுழைந்த இடத்தில்தான் ஆசை வற்ற ஆரம்பித்தது.

என் வயதுக்காரர்கள் பலருக்கும் கேம் அறிமுகமானது பிரவுசிங் சென்டரில். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்காருவோம். கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6, நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட், ஜிடிஏ வைஸ் சிட்டி. வைஸ் சிட்டியில் மிஷன் பக்கம் போனவர்கள் எங்கள் கூட்டத்தில் குறைவு. ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டில் ரேடியோ கேட்டபடி சுற்றுவோம். போலீஸ் ஸ்டார் ஏறினால் ஓடுவோம். அடுத்த நாள் போனால் வேறொருவன் அந்தக் கணினியில் ஆடியிருப்பான், நம் சேவ் ஃபைல் இருக்காது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதே இல்லை. எவ்வளவு தூரம் முடித்தோம் என்பது ஒரு கேள்வியாகவே இல்லாத காலம் அது.

அப்புறம் எல்லாம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது. 2015 நவம்பரில் ஸ்டீமில் ரூபாய் விலை வந்தது. 2018 டிசம்பரில் எபிக் கடை தொடங்கி இலவச ஆட்டங்களைக் கொடுக்க ஆரம்பித்தது. சம்மர் சேல், விண்டர் சேல் என்று லைப்ரரி ஊதிக்கொண்டே போனது. இதை எல்லோரும் சொல்வார்கள்: ஆட்டம் அதிகமாகிவிட்டது, அதனால்தான் சலிப்பு என்று. அது பாதி காரணம்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் படிக்காத புத்தகம் அலமாரி நிறைய இருந்தாலும் படிக்கும் ஆசை போய்விடுவதில்லையே.

பெரிய காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜென்ஷின் இம்பாக்டை எடுத்துக்கொள்ளலாம். 2020 செப்டம்பரில் வந்த ஆட்டம். இசையும் நிலக்காட்சியும் அவ்வளவு அழகு, இன்றும் அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ரெசின் என்று ஒன்று உண்டு. முக்கியமான பரிசுகளை எடுக்க அதைச் செலவு செய்ய வேண்டும். 8 நிமிடத்துக்கு ஒன்று என்று தானாகவே ஊறும். வெகுகாலம் அதன் உச்சவரம்பு 160 ஆக இருந்தது. 2024-ல்தான் 200 ஆக்கினார்கள். 160 வரம்பாக இருந்தபோது அது நிறைய 21 மணி 20 நிமிடம் ஆகும். அதற்கு மேல் ஊறாது. அதாவது ஒரு நாளைக்குள் நாம் எட்டிப் பார்க்காவிட்டால் அதற்குப் பிறகு வரவேண்டியது வீண். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று பேசுகிறவரின் மனசு எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு நினைப்பு நாள் முழுக்க உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். இது போதாதென்று தினமும் நான்கு சின்ன வேலைகள். நான்கையும் முடித்தால் மொத்தம் 60 பிரைமோஜெம், அந்த ஆட்டத்துக்குள் செல்லும் நாணயம். புது கதாபாத்திரமோ ஆயுதமோ விழுமா என்று ஒரு தடவை குலுக்கிப் பார்க்க அந்த நாணயம் 160 வேண்டும். ஆசிய சர்வரில் நாள் மாறுவது நம் நேரப்படி நள்ளிரவு 1:30-க்கு. அந்த நேரம் வரை கண் விழித்துக் காத்திருப்பவர்கள் எனக்கே தெரியும்.

இது ஒரு ஆட்டத்தின் விஷயம் மட்டும் இல்லை. லாகின் போனஸ், டெய்லி மிஷன், சீசன், பாஸ் என்று பெயர்தான் மாறும். ஃபோர்ட்நைட் 2017 டிசம்பரில் பேட்டில் பாஸை, அதாவது ஒரு சீசனுக்குள் நிலை ஏற ஏறப் பரிசு தரும் சீட்டை, கொண்டுவந்த பிறகு மொபைல் ஆட்டங்கள் பலவற்றிலும் அது வந்துவிட்டது. காசு கொடுத்து பாஸ் வாங்கிவிட்டால் சீசன் முடிவதற்குள் எல்லா நிலைகளையும் தாண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்த காசு போச்சு என்று தோன்றும். அந்த நிமிடத்திலிருந்து அது விளையாட்டாக இருப்பதில்லை.

1973-ல் வெளிவந்த ஒரு ஆய்வு இதை எனக்குத் தெளிவாக்கியது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், கலர் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் உள்ள நர்சரிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ். இன்னொரு பகுதிக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்ததும் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமே தரவில்லை. பிறகு சில நாள் கழித்து, பேனாவை மேசையில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. இதைப் படித்துவிட்டு நான் தினமும் ஆடிக்கொண்டிருந்த மொபைல் ஷூட்டரைத் திறந்தேன். உள்ளே நுழைவதற்குள் மூன்று பரிசுப் பெட்டிகளை மூட வேண்டியிருந்தது.

அந்த ஆட்டத்தின் பெயர் வேண்டாம். நாங்கள் நான்கு பேர், கல்லூரிக் கால நண்பர்கள், ஆளுக்கொரு ஊரில் வேலை. ராத்திரி பத்து மணிக்கு ஸ்குவாட் சேர்வோம். ஆரம்பத்தில் குரூப்பில் வரும் செய்தி ‘மச்சி வாடா, ஒரு மேட்ச் போடுவோம்’ என்று இருக்கும். ஒரு கட்டத்தில் அது ‘டேய், இன்னைக்கு மிஷன் முடிக்கணும், சீக்கிரம் வா’ என்று ஆகிவிட்டது. மேட்ச் நடக்கும்போது முன்பெல்லாம் வேலை, வீடு, கல்யாணம், கடன் என்று பேசுவோம். பிறகு பேச்சு முழுக்க எந்தத் துப்பாக்கியால் எத்தனை பேரை அடித்தால் எந்த மிஷன் முடியும் என்பதாகவே இருந்தது. எனக்கு அதுதான் வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது என் வட்டத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஆட்டத்தை ஆட்டமாக நேசித்தவர்கள் ஒரு வாரத்தில் வேறொன்றுக்கு மாறிவிட்டார்கள். பாஸுக்காகவும் ரேங்குக்காகவும் ஆடியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களில் பலர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

சரி, செய்து பார்த்தவற்றுக்கு வருகிறேன்.

முதலில் எல்லோரும் சொல்வது பிரேக் எடு என்பது. எடுத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க எதையும் தொடவில்லை. தூக்கம் சரியானது, கண் எரிச்சல் போனது. ஆனால் திரும்பி வந்து அதே ஆட்டங்களைத் திறந்ததும் சில நாளில் அதே சோர்வு வந்து உட்கார்ந்தது. ஓய்வு அலுப்பைத்தான் போக்கும். எதற்குத் திரும்பி வருகிறோம் என்பது மாறவில்லை என்றால் பிரேக்கால் பெரிய பலன் இல்லை.

புது கண்ட்ரோலர், புது மானிட்டர் வாங்கினால் ஆசை வரும் என்றும் சொல்வார்கள். வரும், இரண்டு வாரம் இருக்கும்.

உண்மையில் வேலை செய்தது, தினமும் கூப்பிடும் ஆட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்தது. நோட்டிஃபிகேஷனை மட்டும் நிறுத்துவது பத்தாது, ஐகான் கண்ணில் பட்டாலே கை போகும். அதோடு ஸ்டீம் லைப்ரரியில் ஆடாத ஆட்டங்களை ஹைட் செய்துவிட்டேன். ரைட் கிளிக்கில் அந்த வசதி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. இப்போது திறந்தால் மூன்றே ஆட்டம் தெரியும். அச்சீவ்மென்ட் அறிவிப்பையும் நிறுத்திவிட்டேன். பேக்லாக் என்று, வாங்கி இன்னும் முடிக்காத ஆட்டங்களின் பட்டியலையே வைத்துக்கொள்வதில்லை. வாங்கியதை எல்லாம் முடித்தாக வேண்டும் என்று யாருக்கும் நாம் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்தது சின்ன ஆட்டங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விட்சர் 3 மாதிரி ஒன்றைக் கதைக்காக மட்டும் ஆடினாலே 50 மணி நேரம் வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அது மாதக்கணக்கு. ‘எ ஷார்ட் ஹைக்’ 2019-ல் வந்தது, ஒரு பறவை மலை ஏறும் கதை, ஒரே மாலையில் முடிந்துவிடும். முடித்துவிட்டு எழுந்தபோது வெகுநாள் கழித்து ஒரு ஆட்டம் முழுதாக மனதில் நின்றது.

‘வெண்பா’ 2023-ல் வந்தது. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் செய்தது. எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதி, அவர்கள் மகன், சமையல். அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து இருக்கும். விட்டுப்போன படியை நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. பல வருடம் துப்பாக்கி பிடித்துப் பழகிய கை அங்கே தட்டில் எண்ணெய் தடவவா, மாவை ஊற்றவா என்று நின்று யோசித்தது. தப்பாகச் செய்தால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். நேரமும் ஓடுவதில்லை. அடுத்த நாள் வந்தால் பரிசு என்று எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக ஆட்டம் விருது அதற்குக் கிடைத்தபோது சொந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

ஆனால் என்னை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தது ‘அவுட்டர் வைல்ட்ஸ்’. இதுவும் 2019. ஒரு சின்ன சூரியக் குடும்பம், ஒரு விண்கலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், நாம் தொடங்கிய இடத்திலேயே மறுபடி கண் விழிப்போம். எக்ஸ்பி என்ற அனுபவப் புள்ளி கிடையாது, லெவல் கிடையாது, வாங்கிச் சேர்க்க ஆயுதம் கிடையாது. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு நாம் எடுத்துப் போவது தெரிந்துகொண்டதை மட்டும்தான். முதல் நாள் திறக்க முடியாத இடம் பத்தாம் நாள் திறப்பது, நம் பலம் கூடியதால் இல்லை, விஷயம் புரிந்ததால். இதற்கு மேல் சொன்னால் ஆடப்போகிறவர்களின் இன்பத்தைக் கெடுத்துவிடுவேன். பரிசே இல்லாத ஒன்றுக்காக ராத்திரி பேப்பரும் பேனாவும் எடுத்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் போதும்.

இன்னொன்று, பக்கத்தில் ஒரு ஆளோடு ஆடுவது. விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். ‘இட் டேக்ஸ் டூ’ போட்டோம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஆட முடியும். ஷெட் பகுதியில் ஒரு குட்டிப் போட்டி உண்டு: ஒருவர் துளைகளில் தலையை நீட்ட வேண்டும், இன்னொருவர் சுத்தியலால் அடிக்க வேண்டும். அவன் அதை விட்டு நகரவே இல்லை. கதை காத்துக்கொண்டிருக்கிறது, நான் “அடுத்த இடத்துக்குப் போலாம்டா” என்கிறேன். அவன் “மாமா, இன்னும் ஒரே ஒரு தடவ, தலைய நீட்டுங்க” என்கிறான். அன்று மாலை முழுக்க அதுதான். கதை ஒரு அடி நகரவில்லை, எனக்கு அது உறுத்தவும் இல்லை.

கடினமான ஆட்டம் என்றால் டிஃபிகல்ட்டியைக் குறைத்து ஆடத் தயங்க வேண்டாம். ‘செலஸ்ட்’ மாதிரி கடினத்துக்கே பேர்போன ஆட்டத்தில் அசிஸ்ட் மோட் என்று ஒன்றைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம்.

எல்லாமே திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரேங்க் ஏற்றும் ஷூட்டர்கள் மேல் எனக்கு ஆசை வரவே இல்லை. கதாபாத்திரத்தை வளர்த்துக்கொண்டே போகும் நூறு மணி நேர ஆர்பிஜியைப் பார்த்தால் இன்றும் தள்ளிப்போகத் தோன்றுகிறது. அந்த நான்கு பேர் ஸ்குவாட் கலைந்துவிட்டது. இரண்டு பேரோடு போனில் பேசுகிறேன், ஒருவனோடு தொடர்பே குறைந்துவிட்டது. ஆட்டத்தை அழித்ததில் எனக்கு நேர்ந்த உண்மையான இழப்பு இது. உங்கள் நட்பும் ஒரு ஆட்டத்தின் மேல் நிற்கிறது என்றால், அழிப்பதற்கு முன்பே பேச வேறு ஒரு நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேம் மட்டும் சலித்து, சாப்பாடு, நண்பர்கள், கிரிக்கெட், பாட்டு எல்லாம் பிடிக்கிறது என்றால் நான் மேலே சொன்னது பொருந்தும். எதுவுமே பிடிக்கவில்லை, காலையில் எழவே மனம் இல்லை, வாரக்கணக்கில் இப்படியே போகிறது என்றால் அது கேமைப் பற்றிய பிரச்சினை இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். அதே போல, நிறுத்த நினைத்தும் முடியாமல் வேலையும் குடும்பமும் கெடும் அளவுக்கு ஆடுவது தனி நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-ல், அது இருக்கிறது. அங்கே ஆசை வற்றுவதில்லை, அடங்குவதில்லை. அதற்கும் மருத்துவர்தான், என் அனுபவம் உதவாது.

கன்சோலை விற்றுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். உடனே விற்காதீர்கள். சில மாதம் பெட்டியில் போட்டு வையுங்கள், அப்போதும் தேடவில்லை என்றால் விற்கலாம். விற்பதற்கும் அழிப்பதற்கும் முன் சேவ் ஃபைலைப் பாருங்கள்: ஸ்டீமில் கிளவுட் சேவ் இலவசம், ஆனால் எல்லா ஆட்டங்களுக்கும் கிடையாது, பிளேஸ்டேஷன் 5-ல் அதற்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். ஆன்லைன் ஆட்டங்களில் எல்லாம் சர்வரில் இருப்பதால், எந்த மெயில் ஐடியில் கணக்குத் தொடங்கினீர்கள் என்பதை எங்காவது எழுதி வைத்துக்கொண்டால் போதும்.