ஒரே கேமரா, இரண்டு பெயர்: கேனான் ஜி.எல்.2, எக்ஸ்.எம்.2

கேனான் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட மினி டி.வி. கேம்கார்டர் ஒன்று, என்.டி.எஸ்.சி. முறை வழங்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் ஜி.எல்.2 என்றும், பால் முறை வழங்கிய நாடுகளில் எக்ஸ்.எம்.2 என்றும் இரண்டு பெயர்களில் விற்கப்பட்டது. டி.வி. என்பது இங்கே தொலைக்காட்சியைக் குறிக்காது, டிஜிட்டல் வீடியோவைக் குறிக்கிறது. பால் என்பதும் நாம் காய்ச்சிக் குடிப்பது அன்று, என்.டி.எஸ்.சி.யைப் போலத் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பும் முறைகளில் ஒன்று. தமிழில் இதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே இந்த இரண்டு விளக்கங்களையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது. இரண்டு கேமராக்களையும் அடுத்தடுத்து பழைய பொருளாக வாங்கிப் பயன்படுத்தியவன் என்ற முறையில், இவற்றில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு நான் கண்ட விடையை எழுதுகிறேன்.

வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. 20 மடங்கு ஆப்டிகல் ஜூம், புளோரைட் கண்ணாடி சேர்ந்த லென்ஸ், கை நடுக்கத்தை லென்ஸுக்குள்ளேயே சரிசெய்யும் வசதி, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுக்குத் தனித்தனியாக ஒளியைப் பிடிக்கும் மூன்று சி.சி.டி. சில்லுகள் என எல்லாமே பொது. உள்ளே ஒரு வேறுபாடு உண்டு. ஜி.எல்.2இன் ஒவ்வொரு சில்லிலும் சுமார் 4.1 லட்சம் பிக்சல்கள், எக்ஸ்.எம்.2இல் சுமார் 4.7 லட்சம். பால் படத்தில் கோடுகள் அதிகம் என்பதால் அவற்றை நிரப்பக் கூடுதல் பிக்சல்கள் தேவைப்படுகின்றன.

என்.டி.எஸ்.சி. படம் மொத்தம் 525 கோடுகளால் ஆனது, டி.வி. கேசட்டில் பதிவாகும் படத்தின் அளவு 720க்கு 480 பிக்சல். பால் முறையில் மொத்தக் கோடுகள் 625. பதிவாகும் படம் 720க்கு 576. என்.டி.எஸ்.சி.யில் வினாடிக்கு ஏறக்குறைய 30 பிரேம்கள், பாலில் சரியாக 25. அந்த ‘ஏறக்குறைய’வுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சித் தரம் வகுக்கப்பட்டபோது, வண்ணச் சமிக்ஞையும் ஒலிச் சமிக்ஞையும் ஒன்றையொன்று குழப்பிப் படத்தில் புள்ளிகளாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, 30 என்ற வேகத்தை 29.97 ஆகக் குறைத்தார்கள். அதன் விளைவாக, பிரேம்களை எண்ணும் டைம்கோடு ஒரு மணி நேரத்தில் 108 பிரேம், அதாவது 3.6 வினாடி, கடிகாரத்திலிருந்து விலகிப்போகும். அதைச் சரிக்கட்டச் சில எண்களைத் தாண்டி எண்ணும் முறை ஒன்று வேண்டியிருந்தது. மேற்கு ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் வால்டர் புரூக் பின்னர் உருவாக்கிய பால் முறைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிரான்ஸில் பிறந்த மூன்றாவது முறையான செகாமைப் பற்றி இங்கே கவலைப்பட வேண்டியதில்லை.

கோடுகள் அதிகம் என்பதால் பாலே மேல் என்று முடிவுகட்டிவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒரே முக்காலியில் இரண்டு கேமராக்களையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, பகல் வெளிச்சத்தில் ஒரு சுவரொட்டியைப் படம் பிடித்துப் பார்த்தபோது, சிறிய எழுத்துகளில் எக்ஸ்.எம்.2 சற்றுத் தெளிவாக இருந்தது உண்மை. ஓடும் குழந்தையைப் படம் பிடித்தபோதோ ஜி.எல்.2இன் அசைவு கண்ணுக்கு இதமாக இருந்தது. நிறத்திலும் சிறு வேறுபாடு உண்டு. என்.டி.எஸ்.சி. டி.வி. முறை நிற விவரங்களைக் கிடைமட்டத்தில் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கிறது. பால் முறை கிடைமட்டத்தில் பாதியாகவும் செங்குத்தில் பாதியாகவும் குறைக்கிறது. ஆகவே சிவப்புத் துணியொன்றின் நிமிர்ந்த ஓரம் ஜி.எல்.2இல் பக்கவாட்டில் கசிந்தது போலத் தெரியும். இவை எல்லாம் அருகருகே வைத்துப் பார்த்தால் மட்டுமே புலப்படுபவை. இவற்றுக்காக ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுவது வீண் என்பது என் கருத்து.

உண்மையான வேறுபாட்டை எனக்குக் காட்டியது ஒரு டியூப்லைட். நான் முதலில் வாங்கியது ஜி.எல்.2. நான் இருப்பதோ 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும் இடம். பழைய சோக் பொருத்திய இரண்டு டியூப்லைட்டுகள் எரிந்த அறையில் ஒரு மாலை முழுவதும் வீட்டாரைப் படம் பிடித்தேன். கேமராவின் சிறு திரையில் சந்தேகம் எதுவும் எழவில்லை. பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது, வெள்ளைச் சுவர் மூச்சு வாங்குவது போல வெளிறியும் மங்கியும் துடித்துக்கொண்டிருந்தது. கேசட் கெட்டுவிட்டது என்று எண்ணி கேசட்டைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துப் பார்த்தேன். அதனால் ஒன்றும் மாறவில்லை.

காரணம் எளிய கணக்குதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது. ஜி.எல்.2இல் இயல்பாக 1/60 வினாடி திறந்திருக்கும் ஷட்டருக்குள் அந்தத் துடிப்பு ஒன்றும் மூன்றில் இரண்டு பங்கும் மட்டுமே அடங்குகிறது. எனவே அடுத்தடுத்த பதிவுகளில் ஒன்றுக்கு வெளிச்சம் கூடுதலாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. ஷட்டரை 1/100க்கு மாற்றினால் ஒவ்வொரு பதிவுக்கும் சரியாக ஒரு துடிப்பு கிடைத்து, சுவர் அமைதியாகிவிடும். நான் அப்படியே செய்தேன், துடிப்பு நின்றது. ஆனால் முக்கால் ஸ்டாப் அளவுக்கு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சம் குறைந்ததால், சமிக்ஞையைப் பெருக்கும் கெயினை ஏற்ற வேண்டியிருந்தது, ஏற்றியதும் இருண்ட மூலைகளில் மணல் தூவியது போல இரைச்சல் வந்து சேர்ந்தது. எக்ஸ்.எம்.2இல் இயல்பாகவே 1/50 என்பதால் அதே அறையில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. 60 ஹெர்ட்ஸ் நாட்டில் பால் கேமராவோடு நிற்பவருக்கும் இதே தொல்லை தலைகீழாக வரும். அவர் 1/60 அல்லது 1/120 வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானியர்களின் நிலைமை இன்னும் விசித்திரமானது. நாடு முழுவதும் என்.டி.எஸ்.சி. முறைதான் இருந்தது, ஆனால் 1890களில் டோக்கியோவுக்கு ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இயந்திரங்களும் ஒசாகாவுக்கு அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் இயந்திரங்களும் வந்து சேர்ந்ததால், கிழக்குப் பகுதி இன்றுவரை 50இலும் மேற்குப் பகுதி 60இலும் ஓடுகிறது. ஒரே கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலில் நகரம் மாறினால் ஷட்டரையும் மாற்ற வேண்டும்.

யார் பார்க்கப்போகிறார்கள் என்பதே ஒரு காலத்தில் முதல் கேள்வியாக இருந்தது. அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென் கொரியா ஆகியவை என்.டி.எஸ்.சி.; இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆகியவை பால். பால் நாடுகளின் பல தொலைக்காட்சிகளும் டிவிடி கருவிகளும் என்.டி.எஸ்.சி. படத்தையும் காட்டிவிடும், எதிர்த்திசையில் அந்தத் தாராளம் குறைவு. டிவிடியின் மண்டலக் குறியீட்டை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். அது விற்பனைக்கு வரும் படங்களுக்குப் போடும் பூட்டு; நாம் வீட்டில் எழுதும் வட்டில் அது இருக்காது, பாலா என்.டி.எஸ்.சி.யா என்ற சிக்கல் மட்டுமே இருக்கும். இன்று காட்சிகளைக் கணினிக்கு ஏற்றிக் கோப்பாக அனுப்புகிறவருக்கு அதுவும் இல்லை, ஏனெனில் கணினியும் கைபேசியும் இரண்டையும் கேள்வி கேட்காமல் ஓட்டுகின்றன. இரண்டு முறைகளில் எடுத்தவற்றை ஒரே படத்தொகுப்பில் சேர்க்கும்போதுதான் வம்பு வருகிறது. 25ஐ 30 ஆக்க மென்பொருள் சில பிரேம்களை இரட்டிக்கிறது அல்லது கலக்கிறது. மெதுவாகக் கேமராவைத் திருப்பிய காட்சி அங்கங்கே தடுக்கி நடப்பது போல ஆகிவிடுகிறது. வெவ்வேறு நாடுகளில் இருக்கும் உறவினர்கள் எடுத்தவற்றைச் சேர்த்துத் தொகுக்கப்போகிறவர்கள், எல்லோரும் ஒரே முறையில் எடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய டேப் கேமரா வாங்குபவர்கள் பலர் தவறவிடும் இன்னொரு செய்தியும் உண்டு. ஐரோப்பாவில் விற்ற பல பால் மாடல்களில், கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் துளை வெளியே அனுப்ப மட்டுமே பயன்படும். கணினியில் தொகுத்த படத்தை மீண்டும் கேசட்டில் பதிய முடியாது. வெளியிலிருந்து சமிக்ஞையைப் பதியும் கருவி என்றால் அது வீடியோ ரெக்கார்டர் என்று கருதப்பட்டு, அங்கே கூடுதல் இறக்குமதி வரி விதிக்கப்பட்டதே காரணம். கேசட்டிலேயே பிரதி வைத்துக்கொள்ள விரும்புபவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். மின்னேற்றியைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும்.

உயர்தெளிவுக் கேமராக்கள் வந்த பின் கோடுகளின் சண்டை ஓய்ந்துவிட்டது. இரு பக்கமும் 1080தான். எஞ்சியது 50ஆ 60ஆ என்பது மட்டுமே. சோனியின் எச்.வி.ஆர்.-இசட்1 போன்ற தொழில்முறைக் கருவிகள் 2005 வாக்கிலேயே இரண்டையும் ஒரே உடலில் தந்தன. இன்றைய கேமராக்கள் பலவற்றின் மெனுவிலும் இந்தத் தேர்வு இருக்கிறது. மாற்றினால் மெமரி கார்டை மறுபடி ஃபார்மேட் செய்யச் சொல்லும் கேமராக்களும் உண்டு என்பதால், படம் பிடித்துக்கொண்டிருக்கும் நாளின் நடுவில் அந்தப் பக்கம் போகாதீர்கள். வீட்டு உபயோகத்துக்கான கேம்கார்டர்கள் பலவற்றில் இந்த மெனு கிடையாது. வாங்கும் நாட்டின் முறை அதிலேயே நிலைத்திருக்கும்.

ஆகவே, பழைய டேப் கேமராவோ மெனு இல்லாத புதிய கேமராவோ வாங்குகிறவருக்கு நான் சொல்வது, எந்த விளக்கின் கீழ் அதிகம் படம் பிடிப்பீர்களோ அந்த மின்சாரத்தின் எண்ணைப் பின்பற்றுங்கள் என்பதே. வெயிலில் மட்டும் எடுப்பவர் எதையும் வாங்கலாம். எல்.இ.டி. விளக்குகளில் நல்லவை துடிப்பதில்லை, மலிவானவை டியூப்லைட்டை விட மோசமாகத் துடிக்கின்றன. விற்பவரிடம் கேமராவின் அடிப்பகுதிச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாடல் பெயர் அங்கே இருக்கும். என்னிடம் ஜி.எல்.2ஐ விற்றவர் ‘எல்லா நாட்டிலும் ஓடும்’ என்றார். மின்னேற்றியைப் பொறுத்தவரை அது சரிதான்.

இப்போது அன்றாட வேலைக்கு எக்ஸ்.எம்.2ஐ வைத்திருக்கிறேன். ஜி.எல்.2ஐ விற்கவில்லை. முதல் ஆண்டில் அதில் பதிந்த பதினேழு கேசட்டுகளையும் எக்ஸ்.எம்.2 படிக்காது, அவற்றை முழுவதுமாகக் கணினிக்கு ஏற்றி முடிக்கும் வரை அது அலமாரியில் இருக்கட்டும்.