மூடிய கதவு, மீட்டர், திறந்த வாசல்: மூன்று நாளிதழ்கள் எடுத்த மூன்று முடிவுகள்

2010 ஜூலை 2 அன்று லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் தன் இணையதளத்தின் கதவை முழுமையாகச் சாத்தியது. நாளுக்கு 1 பவுண்டு, வாரத்துக்கு 2 பவுண்டு என்று கட்டணம் வைத்து, பணம் கட்டாதவர்கள் ஒரு செய்தியைக்கூட முழுதாகப் படிக்க முடியாதபடி செய்தது. கூகுள் போன்ற தேடுபொறிகளுக்கும் உள்ளே இடமில்லை. அதே நகரத்தின் 'தி கார்டியன்' அதற்கு நேரெதிராக, தன் தளத்தில் எந்தச் செய்திக்கும் கட்டணம் இல்லை என்பதில் உறுதியாக நின்றது. ஒன்பது மாதங்கள் கழித்து, 2011 மார்ச் 28 அன்று, 'நியூயார்க் டைம்ஸ்' இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைப் பிடித்தது: மாதத்துக்கு 20 கட்டுரைகள் வரை யாரும் இலவசமாகப் படிக்கலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். படித்த கட்டுரைகளை எண்ணிக் கணக்கு வைக்கும் இந்த முறைக்குத்தான் மீட்டர் என்று பெயர்.

இணையத்தில் செய்திக்குப் பணம் வாங்கலாமா கூடாதா என்று பொத்தாம்பொதுவாக வாதிடுவதைவிட, இந்த மூன்று முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். ஏனென்றால் மூன்றுமே வாசகர்களிடம் பணம் வாங்குகின்றன, கார்டியன் மட்டும் கட்டணமாக அல்லாமல் நன்கொடையாக. தினமும் வரும் வாசகரை விட்டுவிட்டு, எப்போதாவது ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வழிப்போக்கரை ஒவ்வொன்றும் எப்படி நடத்துகிறது என்பதில்தான் இவற்றின் உண்மையான வேறுபாடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

மூன்றையும் ஒரே நெருக்கடிதான் இந்த முடிவுகளை நோக்கித் தள்ளியது. அச்சுக் காலத்தில் நாளிதழ்களை வாழவைத்தது வாசகர் கொடுத்த காசு அல்ல. பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. அதிலும் வாடகை வீடு, பழைய கார், வேலைவாய்ப்பு என்று நெருக்கி அடுக்கப்பட்ட வரி விளம்பரங்கள் அமெரிக்க நாளிதழ்களுக்குக் கொழுத்த வருமானம் தந்தன. 1995-இல் தொடங்கிய 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' போன்ற தளங்கள் அந்த வரி விளம்பரங்களை இலவசமாக்கின. மிச்சமிருந்த விளம்பரப் பணத்தின் பெரும்பகுதியைப் பின்னர் கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொண்டன. 2006-இல் ஏறத்தாழ 4,900 கோடி டாலராக இருந்த அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2020-இல் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டில்தான் விற்பனையாலும் சந்தாவாலும் வந்த பணம் விளம்பரப் பணத்தை முதன்முறையாக மிஞ்சியது. சந்தா வளர்ந்ததால் அல்ல, விளம்பரம் சரிந்ததால் நேர்ந்த மிஞ்சல் அது.

முதலில் மூடிய கதவைப் பார்ப்போம். டைம்ஸ் கதவைச் சாத்தியதும் அதன் தளத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். நான்கு மாதங்கள் கழித்து நிறுவனம் சொன்ன கணக்கு 1,05,000 விற்பனை. அதிலும் ஏறக்குறைய பாதிதான் மாதச் சந்தா, மற்றவை ஒரு நாளுக்கு எட்டிப் பார்க்க வந்தவர்கள் கொடுத்தது. அன்று இது பெருந்தோல்வியாகப் பேசப்பட்டது. ஆனால் உரிமையாளர் ரூப்பர்ட் மர்டாக்கின் கணக்கு வேறு: பணம் தராத பெருங்கூட்டத்தைவிட, பணம் தரும் சிறுகூட்டம் மேல். அந்தக் கணக்கு முற்றிலும் பொய்த்துப் போகவில்லை. 2001-க்குப் பிறகு நட்டத்திலேயே ஓடிய டைம்ஸும் சண்டே டைம்ஸும் 2014-இல் ஒரு சிறு லாபத்தைக் காட்டின.

அதே நிறுவனம், அதே உத்தியை, 2013 ஆகஸ்டில் தன் இன்னொரு நாளிதழான 'தி சன்' மீது பிரயோகித்தது. கால்பந்துக் காட்சித் துணுக்குகளைச் சேர்த்துக் கொடுத்தும் அது நிலைக்கவில்லை. 2015 நவம்பர் இறுதியில் கதவைத் திறந்துவிட்டார்கள். பரபரப்புச் செய்திக்கும் நடிகர் நடிகையர் கிசுகிசுவுக்கும் இணையத்தில் பஞ்சமே இல்லாதபோது, அதற்காக மட்டும் வாரந்தோறும் பணம் கட்ட ஆள் கிடைப்பது கடினம். நியூயார்க்கின் லாங் ஐலண்டு பகுதி நாளிதழான 'நியூஸ்டே'வின் கதை இன்னும் பரிதாபமானது. 2009 அக்டோபரில் வாரத்துக்கு 5 டாலர் கட்டணம் வைத்த அந்தத் தளத்துக்கு மூன்று மாதங்களில் சேர்ந்த தனிச் சந்தாதாரர்கள் வெறும் 35 பேர். அச்சிதழ் வாங்குவோருக்கும் உரிமையாளரின் கேபிள் இணைப்பு வைத்திருப்போருக்கும் தளம் இலவசம் என்பதால் அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வது நியாயமில்லை என்றாலும், கேட்டவர்கள் சிரிக்காமல் இருக்கவில்லை.

மூடிய கதவு நன்றாகப் பலித்த இடம் ஒன்று உண்டு: வணிக நாளிதழ்கள். 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 1990-களிலேயே இணையச் சந்தா வாங்கத் தொடங்கிவிட்டது. அங்கே செய்தி என்பது தொழிலுக்கு வேண்டிய கருவி. பல நேரங்களில் சந்தாவைக் கட்டுவது வாசகரின் சட்டைப் பை அல்ல, அவருடைய அலுவலகம். ஆகவே அந்த வெற்றியை எடுத்துக்காட்டி, பொதுச் செய்தி தரும் நாளிதழ்களும் அவ்வாறே செய்யலாம் என்று வாதிடுவோர் இரண்டு வெவ்வேறு பண்டங்களை ஒரே தராசில் வைக்கிறார்கள்.

நியூயார்க் டைம்ஸ் மீட்டருக்கு வருமுன் ஒரு முறை சறுக்கியது. 2005 செப்டம்பரில் அது தன் செய்திகளை இலவசமாகவே விட்டுவிட்டு, பால் க்ரூக்மன், மௌரீன் டௌட் போன்ற புகழ்பெற்ற பத்தியாளர்களின் எழுத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 49.95 டாலர் கேட்டது. செய்தி எங்கும் கிடைக்கும், இவர்கள் இங்கு மட்டும்தான் கிடைப்பார்கள் என்பது கணக்கு. இணையச் சந்தா மட்டும் கட்டியவர்கள் 2,27,000 பேர் சேர்ந்தார்கள், ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டாலர் வந்தது. ஆனால் ஊரே படித்து விவாதித்துக்கொண்டிருந்த எழுத்தாளர்கள் பூட்டுக்குள் போனார்கள். தேடுபொறிகள் வழியாக வரும் வாசகரால் கிடைக்கக்கூடிய விளம்பர வருமானம் இதைவிடப் பெரிது என்று முடிவு செய்து, 2007 செப்டம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

2011-இன் மீட்டர் இந்தத் தவறிலிருந்து பிறந்தது என்றே சொல்ல வேண்டும். இம்முறை எதையும் தனியாகப் பூட்டவில்லை. எந்தக் கட்டுரையையும் யாரும் படிக்கலாம், அடிக்கடி படிப்பவர் மட்டும் நான்கு வாரத்துக்கு 15 டாலரிலிருந்து கட்ட வேண்டும். சமூக வலைத்தளங்களிலிருந்து வரும் இணைப்பைச் சொடுக்கினால், மாத வரம்பு தீர்ந்திருந்தாலும் கட்டுரை திறந்தது. எத்தனை படித்தோம் என்று கணினியில் பதிந்துவைக்கும் சிறு கோப்பான உலாவியின் குக்கியை அழித்தாலும் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கியது. மாதக் கடைசியில் நானும் அப்படிச் செய்தவன்தான். பலர் இதைத் தொழில்நுட்ப ஓட்டை என்று கேலி செய்தார்கள். எனக்கு அது ஓட்டையாகத் தெரியவில்லை. வழிப்போக்கரைத் தடுக்காமல், வழக்கமாக வருபவரிடம் மட்டும் வாங்குவது என்பதுதான் திட்டமே. குக்கியை அழிக்கும் சிரமம் மாதா மாதம் தேவைப்படும் அளவுக்கு ஒருவர் படிக்கிறார் என்றால், அவர் என்றாவது ஒரு நாள் சந்தா கட்டுவார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம்.

எதிர்பார்ப்பு வீண்போகவில்லை. 2012-இலேயே அந்த நாளிதழுக்கு வாசகர் கொடுத்த பணம் விளம்பரப் பணத்தை முந்தியது. 2023-இல் அச்சும் இணையமும் சேர்த்து மொத்தச் சந்தாதாரர்கள் 1 கோடியைத் தாண்டினார்கள். ஆனால் இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இலவச வரம்பு 2012-இல் 10-ஆகவும் 2017-இல் 5-ஆகவும் குறைந்தது. வழிப்போக்கருக்கு விட்டிருந்த திண்ணை ஆண்டுக்காண்டு சுருங்கியது. சந்தாதாரர் எண்ணிக்கையைச் செய்தி மட்டும் ஏற்றிவிடவுமில்லை. சமையல் குறிப்பு, குறுக்கெழுத்து, 2022 ஜனவரியில் வாங்கிய 'வேர்டில்' என்ற ஐந்தெழுத்துச் சொல் விளையாட்டு, அதே ஆண்டு 55 கோடி டாலர் கொடுத்து வாங்கிய 'தி அத்லெட்டிக்' விளையாட்டுச் செய்தித் தளம் ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. புலனாய்வுச் செய்தியாளரின் சம்பளத்தில் ஐந்தெழுத்துச் சொல் விளையாடுபவரின் காசும் கலந்திருக்கிறது. அச்சுக் காலத்தில் பழைய கார் விற்றவரின் காசு கலந்திருந்ததைப் போன்றதுதான் இது என்பதால் நான் இதைக் குறையாக எண்ணவில்லை.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஆக்ஸ்ஃபோர்டின் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் 2023-இல் கணக்கிட்டபடி, வசதியான இருபது நாடுகளில் இணையச் செய்திக்குப் பணம் கொடுப்பவர்கள் சராசரியாக நூற்றுக்குப் 17 பேர். நார்வேயில் ஏறத்தாழ ஐந்தில் இருவர், பிரிட்டனில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தச் சிறு தொகையினரும் பெரும்பாலும் ஒரே ஒரு சந்தாதான் கட்டுகிறார்கள். அந்த ஒன்று ஊரறிந்த பெரிய நாளிதழுக்குப் போய்விட்டால், நகராட்சிக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பும் உள்ளூர் நாளிதழுக்கு என்ன மிஞ்சும்? மீட்டர் பெரியவர்களுக்கு நல்ல வழி. எல்லோருக்கும் நல்ல வழி என்பதற்கு இன்னும் சான்றில்லை.

திறந்த வாசல் வைத்த கார்டியனின் முறையைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையே இல்லை. நம் டீக்கடையில் நடப்பதுதான் அது. கடைக்காரர் ஒரு தாள் வாங்கிப் போடுகிறார், காலையிலிருந்து மதியத்துக்குள் அதை நாற்பது பேர் பங்கு பங்காகப் பிரித்துப் படிக்கிறார்கள், அவர்களிடம் யாரும் காசு கேட்பதில்லை. 2016 முதல் கார்டியன் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் மஞ்சள் பெட்டி ஒன்றில், உங்களால் முடிந்தால் கொடுங்கள், நீங்கள் கொடுப்பதால் மற்றவர்களும் படிக்கலாம் என்று வாசகரிடம் கேட்கத் தொடங்கியது. தனக்காக மட்டுமல்லாமல் பிறருக்காகவும் கொடுக்கச் சொல்லும் இந்த வேண்டுகோள் எடுபடாது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 2015-16-இல் 5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டமடைந்த அந்த நிறுவனம், செலவைக் கடுமையாகக் குறைத்ததோடு வாசகர் பணத்தையும் சேர்த்து, 2018-19-இல் வரவையும் செலவையும் சமன் செய்தது.

ஆனால் இந்த மூன்று ஆண்டுகளையும் தாங்கிக்கொள்ள அதற்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. 1936-இல் நிறுவப்பட்ட ஸ்காட் அறக்கட்டளையின் வழிவந்த அமைப்பே அதன் உரிமையாளர். கார் விற்பனை விளம்பர நிறுவனத்தில் வைத்திருந்த பங்கை 2014-இல் விற்ற பணமும் அதன் முதலீட்டு நிதியில் சேர்ந்தது. பங்குதாரருக்கு லாபம் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மோசமான ஆண்டை விழுங்கிவிட்டு அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். அந்த நிதி இல்லாத ஒரு நாளிதழ், கார்டியனைப் பார்த்து வாசலைத் திறந்துவிட்டு உண்டியலை வைத்தால், உண்டியல் நிறையும்வரை உயிரோடு இருக்குமா என்பது ஐயமே. மேலும், நாட்டில் பெரிய அரசியல் கொந்தளிப்பு இருக்கும்போது நன்கொடை பெருகுவதும், அமைதியான காலத்தில் குறைவதும் இயல்பு என்பதால், எதையும் பேராபத்தாகவே எழுதும் சபலம் ஆசிரியர் குழுவுக்கு ஏற்படக்கூடும்.

மூன்றையும் எடை போட்டால், பொதுச் செய்தி நாளிதழுக்கு மூடிய கதவை நான் முதலிலேயே விலக்குவேன். டைம்ஸே 2016-இல் பெயரைப் பதிவு செய்வோர் வாரத்துக்கு இரண்டு கட்டுரைகளை இலவசமாகப் படிக்கலாம் என்று கதவில் ஒரு கீற்றுத் திறந்துவிட்டது. ஆறு ஆண்டு அனுபவம் அதற்குச் சொன்ன பாடத்துக்கு நான் வேறு சான்று தேடப் போவதில்லை. அறக்கட்டளை நிதி உள்ளவர்களுக்குத் திறந்த வாசல் மிகச் சிறந்தது. மற்றவர்களுக்கு மீட்டரே மிஞ்சுகிறது, வரம்பைத் தாராளமாக வைக்கும் துணிவிருந்தால்.

இலவசமே நியாயம் என்று சொல்வோரிடம் ஒரு வார்த்தை. முற்றிலும் விளம்பரத்தை நம்பிய தளத்தில் வாசகர் பணம் தராவிட்டாலும் வேறொன்றைத் தருகிறார்: சொடுக்கு. சொடுக்குக்கு ஏற்ப எழுதப்படும் தலைப்பு எப்படி இருக்கும் என்பதைத் தமிழ்ச் செய்தித் தளங்களைத் திறக்கும் எவரும் அறிவர். 'அதிர்ச்சி' என்ற சொல்லை இத்தனை முறை பயன்படுத்திய மொழி வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

தமிழில் சந்தா புதியதல்ல. விகடன் குழுமம் தன் இதழ்களை இணையத்தில் சந்தா கட்டிப் படிக்கும் முறையை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. சென்னையிலிருந்து வரும் ஆங்கில நாளிதழான 'தி இந்து'வும் 2019-இல் இணையச் சந்தாவுக்கு மாறியது. தமிழ் நாளிதழ்கள் தயங்குவதன் காரணம் எளிது: அவற்றின் தளங்களில் இருக்கும் தேசியச் செய்தி, சினிமாச் செய்தி, கிரிக்கெட் செய்தி எல்லாம் பத்துத் தளங்களில் அதே வாசகத்தில் கிடைக்கின்றன, ஆகவே அவற்றுக்கு மீட்டர் வைத்தால் வாசகர் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். வேறெங்கும் கிடைக்காத பண்டம் அவர்களிடம் ஒன்று இருக்கிறது, மாவட்டப் பக்கம்: கால்வாயில் எப்போது தண்ணீர் திறக்கிறார்கள், பேருந்து நிலையத்தை எங்கே மாற்றப் போகிறார்கள், ஊராட்சியில் எந்த ஒப்பந்தம் யாருக்குப் போனது என்ற செய்திகள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் தேடிப் படிப்பது அதைத்தான். மாதம் ஒரு சிறு தொகைக்கு, யுபிஐ-யில் ஒரே தட்டலில், அந்தப் பக்கத்துக்கு மீட்டர் வைத்துப் பார்க்கலாம். பெருமழை எச்சரிக்கை வரும் நாட்களில் மட்டும் அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். 2012-இல் சாண்டி புயல் கரையேறியபோது நியூயார்க் டைம்ஸும் தன் மீட்டரை நிறுத்திவைத்தது.