நேரியல் இயற்கணிதம்: எம்ஐடியா, என்பிடெலா?

பி.எஸ்சி. கணிதத்தில் நேரியல் இயற்கணிதம் (அணிகள், திசையன்கள் பற்றிய பிரிவு) வந்த பருவத்தில் நம் ஐஐடிகளின் இணையவழிப் பாடத்தளமான என்பிடெல், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் தரும் ஓப்பன்கோர்ஸ்வேர், யூடியூபில் கணிதத்தை அசைபடங்களால் விளக்கும் த்ரீ புளூ ஒன் பிரவுன் மூன்றையும் பார்த்துவிட்டு, எம்ஐடியில் 18.06 என்ற எண் கொண்ட நேரியல் இயற்கணிதப் பாடத்தையே கடைசிவரை பிடித்துக்கொண்டேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

மூன்றையும் இலவசமாகப் பார்க்கலாம், மூன்றிலும் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் விஷயம் வேறு: கணக்கில் முட்டி நிற்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க முழு விடை கிடைக்கிறதா? விடுதியில் இரவு பதினொரு மணிக்கு எந்தப் பேராசிரியரிடம் போய்க் கேட்பது?

18.06-இன் 2011 ஸ்காலர் பதிப்பில் (தானாகப் படிப்பவர்களுக்கானது) ஒவ்வொரு பகுதிக்கும் எம்ஐடி பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் விரிவுரை, சுருக்கக் குறிப்பு, கணக்குகள், அவற்றின் விடைகள் எல்லாம் இருக்கின்றன. கூடவே ஓர் உதவி ஆசிரியர் பலகையில் ஒரு கணக்கை எழுதி, வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள் என்பார். பிறகு தானும் போட்டுக் காட்டுவார். எந்த வரியில் நாம் வழிமாறினோம் என்பது அப்போது பளிச்சென்று தெரியும். மூன்று தேர்வுத்தாள்களும் இறுதித் தேர்வும்கூட விடைகளோடு கிடைக்கின்றன.

கற்பிக்கும் முறைக்கு முதல் வகுப்பே சான்று. 2x − y = 0, −x + 2y = 3. இதை இரண்டு கோடுகளாக வரைந்தால் (1, 2) என்ற புள்ளியில் வெட்டும், பள்ளியிலேயே படித்ததுதான். ஸ்ட்ராங் அடுத்து நிரல்களை, அதாவது x-இன் கெழுக்களையும் y-இன் கெழுக்களையும் மேலிருந்து கீழாகத் தனித்தனியே, பார்க்கச் சொல்கிறார்: (2, −1) ஒரு பங்கு, (−1, 2) இரண்டு பங்கு, கூட்டினால் (0, 3). தீர்வு என்பது நிரல்களை எந்த அளவில் சேர்ப்பது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. நிரல் வெளி (நிரல்களைச் சேர்த்து எட்டக்கூடிய எல்லாத் திசையன்களும்), அணியின் தரம் (அந்த வெளியின் பரிமாணம்) எல்லாம் பிறகு இதிலிருந்தே இயல்பாக வந்துவிடும்.

என்பிடெலில் நான் பார்த்த பாடங்களில் வாராந்திரப் பயிற்சி பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. நிரூபணம் எழுதிப் பழக அது போதாது. ஆனால் வாரக் கெடு நம்மை இழுத்துப் பிடிக்கும். கட்டணம் கட்டித் தேர்வு எழுதினால் சான்றிதழும் உண்டு. நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கும் அதுவே நெருக்கம். ஸ்ட்ராங் மெய்யெண் அணிகளிலேயே அதிகம் நிற்கிறார். ஏதேனும் ஒரு புலத்தின்மீதான (மெய்யெண்களைப் போலக் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுக்கக்கூடிய எண் தொகுப்பின்மீதான) திசையன் வெளி, அதன் தேற்றங்கள் என்று வரும்போது என்பிடெல் விரிவுரையும் பாடநூலும் இல்லாமல் முடியாது.

த்ரீ புளூ ஒன் பிரவுனின் 2016 தொடரில் அணிக்கோவை (ஓர் அணியிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண், டிடர்மினன்ட்) பரப்பளவை எத்தனை மடங்காக்குகிறது என்பது கண்முன் அசைகிறது. பாடத்தைத் தொடங்கும் முன் பாருங்கள், அருமை. ஆனால் போட்டுப் பழகக் கணக்குத் தொகுப்பு இல்லை.

மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) போன்ற வேறு பாடத்துக்கும் இதே வரிசைதான் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. நேரியல் இயற்கணிதத்தில் சான்றிதழும் தேவைப்படுபவர்கள் ஜனவரி அல்லது ஜூலைப் பருவத்தில் என்பிடெலில் பதிவு செய்துகொண்டு, கணக்குகளை மட்டும் எம்ஐடி தளத்திலிருந்து இறக்கிப் போடலாம்.