புழுதி விதைப்பில் களைக்கொல்லி: முளைக்கும் முன்பா, புல்லைப் பார்த்த பின்பா?

மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரட்டும் என்று காத்திராமல் நாகை, திருவாரூர் பக்கம் புழுதியிலேயே, அதாவது உழுத காய்ந்த மண்ணிலேயே, நெல்லை விதைத்துவிடுகிறார்கள். நாற்றங்கால் செலவும் நடவுக்கூலியும் மிச்சம்தான். ஆனால் நெல்லும் புல்லும் ஒன்றாக முளைப்பதால், மிச்சமானதில் ஒரு பங்கு மருந்துக்கடைக்குப் போகிறது.

களை முளைக்கும் முன், விதைத்த 3 முதல் 5 நாளுக்குள் அடிப்பது பெண்டிமெத்தலின். 30 சத மருந்து என்றால் ஏக்கருக்குச் சுமார் 1.3 லிட்டர். முளைவிடும் களையை மண்ணுக்குள்ளேயே முடக்கும். வளர்ந்துவிட்ட புல்லை ஒன்றும் செய்யாது. மண்ணில் ஈரம் இல்லாமல் அடித்தால் காசு வீண். மண் நனைய ஒரு மழை பெய்த பிறகுதான் டேங்கைத் தோளில் மாட்ட வேண்டும். மேலாகக் கிடக்கும் நெல் விதையையும் அது கெடுக்கும் என்பதால் விதை மண்ணில் மூடியிருப்பது முக்கியம்.

சேறாக்கிய வயலில் நேரடியாக விதைக்கும் சேற்று விதைப்புக்கு பிரெட்டிலாகுளோர். இங்கேதான் கடையில் ஏமாறுகிறார்கள். 50 சத மருந்து நடவு வயலுக்கானது. நெல் முளையைக் காக்கும் பொருள் சேர்த்த 30.7 சத மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஏக்கருக்கு 600 மில்லி.

புல்லைப் பார்த்து அடிப்பதென்றால் பெரும்பாலும் பிஸ்பைரிபேக் சோடியம்தான். 10 சத மருந்து ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி, விதைத்த 15 முதல் 25 நாளுக்குள், களை 2 முதல் 4 இலையில் இருக்கும்போது. தண்ணீரை வடித்துவிட்டு அடித்து, இரண்டு நாளுக்குள் திரும்பக் கட்ட வேண்டும். குதிரைவாலிப் புல்லுக்கு நன்றாகக் கேட்கும். சிறு பயிரில் அதை அடையாளம் காண, இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள்: நெல்லில் மெல்லிய சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும், குதிரைவாலியில் வழவழவென்று வெறுமையாக இருக்கும்.

லெப்டோகுளோவா என்ற மெல்லிய கதிர்ப் புல் மட்டும் பிஸ்பைரிபேக்குக்கு மசியாது. அதற்கு சைஹாலோபாப் பியூட்டைல் வேண்டும். அதுவோ கோரையையும் அகன்ற இலைக் களையையும் தொடாது. அவை மட்டும் மிகுந்திருந்தால் 2,4-டி மலிவு. பக்கத்து வயலில் பருத்தி நின்றால் அந்தப் பேச்சே வேண்டாம். சாரல் பட்டாலே பருத்தி இலை சுருண்டுவிடும்.

என்னைக் கேட்டால், ஈரம் கிடைத்தால் முளைக்கும் முன் அடிக்கும் முதல் மருந்தை விடக்கூடாது. “புல் வரட்டும், பார்த்துக்கலாம்” என்று வருஷா வருஷம் பிஸ்பைரிபேக்கை மட்டும் நம்பினால், அதற்குச் சாகாத புல்தான் வயலில் மிஞ்சும். மழை ஏய்த்துவிட்டால் வேறு வழியில்லை, 15ஆம் நாளிலிருந்தே வயலைக் கவனிக்க வேண்டும். எதை அடித்தாலும் பூச்சிமருந்துக்குப் போடும் கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு, விசிறிபோல் தெளிக்கும் நாசிலை மாட்டிக்கொள்ளுங்கள்.