விமான ஏணியில் விழுந்தவரும் பயணிதான்: அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்

வயதான பெற்றோரைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள்.

எங்கள் சின்னம்மாவுக்கு 67 வயது. மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோவுக்குப் புறப்பட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தடியில் இறக்கியிருக்கிறார்கள். ஏணிப்படி ஒன்றில் ரப்பர் பெயர்ந்து கிடந்ததில் கால் தடக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பயணம் அதோடு நின்றது.

பத்து நாள் கழித்து, யாழ்ப்பாணத்தில் டிக்கெட் எடுத்துத் தந்த ஏஜென்சிக்காரர் வீடு தேடி வந்தார். "அம்மா, நீங்கள் விமானத்துக்குள் காலே வைக்கவில்லை. கதவைத் தாண்டினால்தான் காப்புறுதிக்கு நீங்கள் பயணி. நான் கதைத்து 40,000 ரூபாய் எடுத்து வந்திருக்கிறேன், இதிலே ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றாராம். கடிதம் முழுக்க ஆங்கிலம். சின்னம்மா இடது கையால் கையெழுத்து வைத்தார். போர்டிங் பாஸையும் அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது பொய். வெளிநாட்டு விமானப் பயணத்தில் விமான நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்று சொல்லும், இலங்கையும் சேர்ந்திருக்கிற 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, விமானத்துக்குள் நடக்கும் விபத்தை மட்டும் சொல்லவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் நடப்பதற்கும் விமான நிறுவனமே பொறுப்பு. விமான நிறுவனங்கள் எடுக்கும் பொறுப்புக் காப்புறுதியிலும் ஏறுகிறவர், இறங்குகிறவர் பயணிகளாகவே கணக்கு. 1973இல் ஏதென்ஸ் விமான நிலையத்தில், சோதனைக்கு வரிசையில் நின்றவர்கள் மீது தாக்குதல் நடந்தது. அவர்கள் விமானத்தின் பக்கம் கூடப் போகவில்லை. ஆனாலும் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தவர்கள்தான் என்று, மொன்றியலுக்கு முந்திய உடன்படிக்கையில் இருந்த இதே விதியை வைத்து, 1975இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அப்படியென்றால் ஏணியில் நின்ற கிழவி யார்? (பெட்டி எடுக்கும் இடத்தில் விழுந்தால் கதை வேறு, அது பெரும்பாலும் இதற்குள் வராது.)

எனக்கு நெஞ்சு கொதிப்பது அந்தக் கையெழுத்தை நினைத்துத்தான். டிக்கெட்டில் என்ன நிபந்தனை அச்சடித்திருந்தாலும் அது இந்தப் பொறுப்பைக் குறைக்க முடியாது, உடன்படிக்கையே அதைச் செல்லாது என்கிறது. ஆனால் விபத்துக்குப் பிறகு "இத்துடன் எல்லாம் தீர்ந்தது" என்று நாமே ஒப்பம் வைத்துக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சட்டத்தரணி அந்தக் கடிதத்தின் பிரதியைப் பார்த்துவிட்டு முதலில் பெருமூச்சுத்தான் விட்டார். வயதான, ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் பொய் சொல்லி வாங்கியது என்று வாதாடலாம் என்கிறார். உறுதி எதுவும் தரவில்லை.

இன்னொன்று. வழக்குப் போட இரண்டே வருடம்தான், விமானம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளில் இருந்து. "பார்க்கிறோம்" என்று ஈமெயில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், அதற்காகக் காலம் நிற்காது. எங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

யாராவது இப்படி ஒரு கடிதத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள், பேனையை எடுக்காதீர்கள். விழுந்த இடத்தை அன்றைக்கே படம் எடுங்கள். போர்டிங் பாஸை யாரிடமும் கொடுக்காதீர்கள். சின்னம்மாவின் பாஸை நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.